மலப் பரிசோதனையில் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால்

பர்மாவில் பெகு பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்குச் சென்னையில் சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரட்னிசோலோன் (இது ஸ்டீராய்டு) மூன்றையும் தவறாமல் சாப்பிடுகிறார். ஒரு மாதமாகத் தண்ணீராகப் போகிறது, ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஒருமுறை மலம் கொடுத்துப் பார்த்ததில் ‘முட்டையோ சிஸ்ட்டோ காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது (சிஸ்ட் என்பது ஒட்டுண்ணியின் உறை மூடிய வடிவம்). மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடித்தும் நிற்கவில்லை. இப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருக்கிறது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளுகிறதோ என்ற சந்தேகத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று பேச்சு நடக்கிறது. ‘பூச்சி இல்லை என்று எழுதிவிட்டார்களே அண்ணா, இனி எதைப் பார்ப்பது?’ என்று கேட்கிறார். அவர் பெகு பக்கத்து வயல்காட்டில் செருப்பில்லாமல் வளர்ந்தவர் என்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் மலப் பரிசோதனை மேசையில் மைக்ராஸ்கோப்போடு காலம் தள்ளியவன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எதைத் தேடுவது, எப்படித் தேடினால் கண்ணில் படும் என்பதை நான் சொல்ல முடியும்.

நேரடியாகச் சொல்கிறேன். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பூச்சி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழுவைப் பெயர் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்ரோலிமஸை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் விழுங்கும் டாக்ரோலிமஸில் பெரும்பகுதியைக் குடல் சுவரே சிதைத்தும் வெளியே தள்ளியும் விடும். மிச்சம்தான் ரத்தத்துக்குப் போகும். வயிற்றுப்போக்கில் குடல் சுவர் புண்பட்டால் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஏறிய டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதோடு உடம்பில் நீரும் வற்றியிருந்தால் கிரியாட்டினின் ஏறத்தான் செய்யும். பார்ப்பதற்கு அப்படியே, உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளும் ரிஜெக்‌ஷன் மாதிரி தெரியும். அளவைப் பார்க்காமல் ஸ்டீராய்டைக் கூட்டினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, இருக்கிற நோயை வளர்த்ததாகிவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், நிறுத்தவும் கூடாது. அளவு தெரிந்தபின் டாக்டர் செய்ய வேண்டிய காரியம் அது.

இனி ஸ்ட்ராங்கிலாய்டிஸ். கொக்கிப்புழு மாதிரி இதுவும் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். மற்ற குடல்புழுக்களுக்கு ஓர் ஆயுசு உண்டு. அது முடிந்தால் தானாக ஒழியும். இது அப்படியல்ல. இதன் குஞ்சுகளில் சில வெளியே போகாமல் குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து மறுபடி உடம்புக்குள் நுழைந்து அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். இப்படி ஒரே உடம்புக்குள் நாற்பது ஐம்பது வருடம்கூட இருக்கும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1942–43இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை பர்மாவின் தன்பியூசயாட்டில் வந்து முடிந்தது. அதில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ஊர் திரும்பி, பல பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தில் பரிசோதித்தபோது அவர்கள் குடலில் இந்தப் புழு உயிரோடு இருந்தது. அதே பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து இழுத்து வரப்பட்ட நம் தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர் அதே சேற்றில்தான் நின்றார்கள். அவர்களை யாரும் இப்படித் தேடிப் பரிசோதிக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் வயலில் நின்றவருக்கு இன்றைக்கும் இது இருக்கலாம். இத்தனை வருடம் ஒரு தொந்தரவும் தராமல் இருந்திருக்கலாம்.

ஸ்டீராய்டு சேர்ந்தால் நிலைமை மாறிவிடும். அதுவரை உடம்பு இந்தப் புழுவை ஓர் எண்ணிக்கைக்குள் அடக்கி வைத்திருக்கும். ஸ்டீராய்டு அந்தக் காவலைத் தளர்த்தியதும் உள்ளே சுற்றும் குஞ்சுகள் பெருகி, குடலிலிருந்து நுரையீரல், ஈரல், மூளை என்று பரவும். போகும்போது குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஆள் சாவது பெரும்பாலும் அந்தப் பாக்டீரியாவால்தான். கோவிட் காலத்தில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுத்தபோது உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரித்ததும் இதனால்தான்.

வழக்கமான மலப் பரிசோதனை இதை ஏன் தவறவிடுகிறது? ரிப்போர்ட்டில் ‘முட்டை காணப்படவில்லை’ என்றுதானே இருந்தது. இந்தப் புழுவின் முட்டை மலத்தில் சாதாரணமாக வராது. குடலுக்குள்ளேயே பொரிந்து குஞ்சாகத்தான் வெளியே வரும். அதுவும் சொற்பமாக, ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. ஒரே ஒரு மாதிரியை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் நோய் இருப்பவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் தவறிவிடும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளிதானே வைக்கிறோம்!

அதனால் ‘பேர்மன் முறையில் பாருங்கள்’ அல்லது ‘அகார் தட்டில் வளர்த்துப் பாருங்கள்’ என்று டாக்டர் சீட்டில் எழுத வேண்டும். பேர்மனுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு புனல், அதன் காம்பில் ரப்பர் குழாய், கிளிப், மேலே சல்லடையில் மெல்லிய துணி. துணியில் ஒரு கரண்டி அளவு மலத்தை வைத்து, அடிப்பக்கம் தொடும்படி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால், உயிருள்ள குஞ்சுகள் சூட்டைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கி, நீந்த முடியாமல் காம்பின் அடியில் சேரும். சில மணி நேரம் கழித்துக் கிளிப்பைத் திறந்து அடியில் தேங்கியதை எடுத்துப் பார்க்கிறோம். கரண்டு போனாலும் நடக்கும் வேலை இது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது என்பேன்.

அகார் தட்டு, அதாவது கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு, இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஆனால் கண்டுபிடிப்பதில் அதற்கு முதல் இடம். மலத்தைத் தட்டின் நடுவில் வைத்து மூடிவிட்டால், புழு ஊர்ந்து போன வழியெல்லாம் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வரும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்தத் தடத்தில் பாக்டீரியா வளர்ந்து வளைவு வளைவாகக் கோடு போட்டிருக்கும். முதலில் கோடு தெரியும், பிறகு லென்சைச் சரிசெய்தால் கோட்டின் முனையில் புழு நெளிந்துகொண்டிருக்கும். பார்த்தவர்களுக்கு மறக்காது.

இந்த இரண்டுக்கும் மலம் புதிதாக இருக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் குஞ்சு செத்தால் அது எங்கே ஊர்ந்து வரும்? வீட்டில் நல்ல எண்ணத்தோடு ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள்; சோதனை அங்கேயே கெட்டுவிடும். ஒரு நாளுக்கு மேல் வெளியே கிடந்தாலும் சிக்கல்தான். கொக்கிப்புழு முட்டை பொரிந்து அதன் குஞ்சு வந்துவிடும். வாய்க்குழி நீளமா குட்டையா என்று பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். கொக்கிப்புழுவுக்கு நீளம், ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்குக் குட்டை.

ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சோதனையும் உண்டு. கிடைத்தால் அதையும் சேர்த்துச் செய்யலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு ஆன்டிபாடியே சரியாக உருவாகாமல் போகலாம். ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்புங்கள், ‘இல்லை’ என்று வந்தால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஈஸினோஃபில் என்ற வெள்ளையணு விஷயமும் அப்படித்தான். புழு இருந்தால் ஈஸினோஃபில் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். நோய் முற்றிப் பரவும்போது ஈஸினோஃபில் ஏறாமலே இருப்பதும் சாதாரணம்.

இன்னொன்று. ‘வருஷா வருஷம் பூச்சி மாத்திரை சாப்பிட்டோமே’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுப்பது அல்பெண்டசோல் ஒரே மாத்திரை. யானைக்கால் ஒழிப்புக்காக வீடு வீடாகக் கொடுத்தது டி.இ.சி.யும் அல்பெண்டசோலும். உருண்டைப்புழுவுக்கு அது சரி. ஸ்ட்ராங்கிலாய்டிஸை ஒழிக்க ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது; அதற்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து. சோதனை செய்ய வழியே இல்லை, ஸ்டீராய்டு அவசரம் என்றால், வயலில் வளர்ந்தவருக்குச் சோதனைக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். டாக்டரிடம் இதைத் தைரியமாகக் கேட்கலாம்.

இத்தனை சொன்னாலும், ஒரு மாதமாகத் தண்ணீராகப் போவதற்கு இந்தப் புழுவைவிட அதிகம் சந்தேகப்பட வேண்டியவை கண்ணுக்கே தெரியாத சின்ன ஒட்டுண்ணிகள். முதலாவது கிரிப்டோஸ்போரிடியம். அதன் உறை 4 முதல் 6 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நம் சிவப்பணுவைவிடச் சிறிது. உப்புநீரிலும் அயோடினிலும் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்லைடில் இது ஈஸ்ட் மாதிரி, குப்பை மாதிரித் தெரிந்து கடந்துபோய்விடும். காசநோய்க்குச் சளியில் போடுவோமே, அந்த ஆசிட்-ஃபாஸ்ட் சாயத்தைக் கொஞ்சம் மாற்றி மலத்தில் போட வேண்டும். அப்போது நீலப் பின்னணியில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல உருண்டை உருண்டையாகத் தெரியும். ஈஸ்ட் அந்தச் சிவப்பைப் பிடிக்காது, நீலமாகவே நிற்கும். காசநோய் பார்க்கும் எந்த லேப்பிலும் இதற்கான சாயம் இருக்கும். சாயம் இருந்தும் கேட்காததால் போடாமல் விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். சீட்டில் ‘மலப் பரிசோதனை’ என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

அதே சாயம் இன்னும் இரண்டு ஒட்டுண்ணிகளையும் காட்டிக்கொடுக்கும். சைக்ளோஸ்போரா 8 முதல் 10 மைக்ரான், உருண்டை. சிலது கருஞ்சிவப்பாக, சிலது வெளிர் சிவப்பாக, சிலது சாயமே ஏறாமல் இருக்கும். சிஸ்டோஐசோஸ்போரா பெரியது, நீள்வட்டம், நீளவாக்கில் 20 மைக்ரானுக்கு மேல். அதனால்தான் அளவுகோல் பொருத்திய லென்சில் அளந்து எழுத வேண்டும் என்பது. இதைப் பிரிப்பது படிப்புக்காக அல்ல. சைக்ளோஸ்போராவுக்கும் சிஸ்டோஐசோஸ்போராவுக்கும் கோட்ரைமாக்சசோல் நன்றாக வேலை செய்யும். கிரிப்டோவுக்கு அது உதவாது. அதற்கு நிடசாக்சனைடு கொடுப்பார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைச் சற்றுக் குறைக்க முடிந்தால்தான் உடம்பு அதை முழுதாக வெளியேற்றும். மெட்ரோனிடசோல் இந்த மூன்றுக்குமே சரியான மருந்தல்ல. அதைச் சாப்பிட்டும் நிற்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

மைக்ரோஸ்போரிடியா இவற்றைவிடச் சிறிது, ஒன்றிரண்டு மைக்ரான், பாக்டீரியா அளவுதான். இப்போது இதைக் காளான் குடும்பத்தோடு சேர்க்கிறார்கள். எய்ட்ஸ் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டாலும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் நீண்ட வயிற்றுப்போக்கைத் தரும். ஆசிட்-ஃபாஸ்ட் சாயத்தில் தெரியாது. மாற்றிய டிரைக்ரோம் சாயமோ, கால்கோஃப்ளோர் என்ற ஒளிரும் சாயமோ, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையோ வேண்டும். இதற்கு அனுபவப்பட்ட கண் தேவை. சின்ன லேப்பில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜியார்டியா எல்லோருக்கும் தெரிந்தது. விட்டு விட்டு வெளியேறுவதால் ஒரு மாதிரியில் தவறும். மலத்தில் ஆன்டிஜன் (கிருமியின் புரதம்) பார்க்கும் கிட் இருந்தால் நல்லது. அமீபாவைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: மைக்ராஸ்கோப்பில் சிஸ்ட்டை மட்டும் பார்த்து நோய் தரும் அமீபாவையும் தொந்தரவில்லாத அமீபாவையும் பிரிக்க முடியாது. சிவப்பணுவை விழுங்கிய அமீபாவைப் பார்த்தால் தவிர, ஆன்டிஜன் அல்லது பி.சி.ஆர். வேண்டும். அமீபா புண்ணைக் குடல் அழற்சி நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துக் குடல் ஓட்டை விழுந்த கதைகள் மருத்துவத்தில் நிறைய உண்டு. அப்புறம், ‘பிளாஸ்டோசிஸ்டிஸ் இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தால் அதோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். நல்லபடியாக இருப்பவர்கள் மலத்திலும் அது இருக்கும்.

மாதிரி கொடுக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாதிச் சோதனைகள் இதில்தான் கெடுகின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று மாதிரி, பத்து நாளுக்குள். சுத்தமான, காய்ந்த, வாய் அகன்ற டப்பா. சிறுநீர் கலக்கக் கூடாது, கக்கூஸ் தண்ணீர் படக் கூடாது. தரையில் பட்டதை அள்ளக் கூடாது, மண்ணில் சுயமாக வாழும் புழுக்கள் ஏறி லேப்பைக் குழப்பும். தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் மேசைக்கு வர வேண்டும். பெகுவிலிருந்து ரங்கூனுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தால் உயிருள்ள அமீபாவைப் பார்க்க முடியாது. அதனால் ஊரிலேயே ஒரு பகுதியை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாயப் பரிசோதனைக்கு அது போதும். பேர்மனுக்கும் அகார் தட்டுக்கும் பி.சி.ஆருக்கும் ஃபார்மலின் படாத புது மாதிரி வேண்டும். முடிந்தால் நோயாளியே லேப்புக்கு வந்து அங்கேயே கொடுப்பது உத்தமம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த கையோடு பார்த்தால் ஒட்டுண்ணி மறைந்து நிற்கலாம். எந்த மருந்து, எப்போது முடித்தார் என்பதை லேப்பில் இருக்கும் சயாமாவிடம் (பரிசோதிக்கும் அம்மாவிடம்) சொல்லிவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் பெயரில்லாத கலவை மாத்திரைப் பொட்டலங்கள் எதையாவது உடம்பு வலிக்கென்று சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் டெக்ஸாமெதசோன் இருக்கலாம். சீட்டில் எழுதாத ஸ்டீராய்டும் ஸ்டீராய்டுதான்.

ரங்கூனிலோ பாங்காக்கிலோ, மறுபரிசோதனைக்குச் சென்னை போனால் அங்கேயோ, பல கிருமிகளை ஒரே தடவையில் பார்க்கும் பி.சி.ஆர். பேனல் செய்யச் சொல்வார்கள். விலை அதிகம், பலன் உண்டு. ஆனால் காசைக் கட்டுவதற்கு முன் எந்தெந்தக் கிருமி அதில் சேர்ந்திருக்கிறது என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பரவலாகப் புழங்கும் ஒரு பேனலில் ஒட்டுண்ணிகள் நான்குதான்: கிரிப்டோ, சைக்ளோஸ்போரா, நோய் தரும் அமீபா, ஜியார்டியா. சிஸ்டோஐசோஸ்போரா, மைக்ரோஸ்போரிடியா, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் மூன்றும் அதில் கிடையாது. பேனல் சுத்தமாக வந்துவிட்டது என்று அந்த மூன்றையும் மறந்துவிட்டால், உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எதை முக்கியமாகப் பார்க்க வேண்டுமோ அதுவே விடுபட்டுவிடும்.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி. குடலின் உள்தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். ஒட்டுண்ணிகள் மட்டுமல்ல, சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு முக்கியமான சைட்டோமெகாலோ வைரஸும் அதில்தான் சரியாகத் தெரியும். ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் குடலில் இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருப்பதால் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவையும் டாக்டர் பார்ப்பார். மைகோஃபெனோலேட்டே வயிற்றுப்போக்கைத் தரும் மருந்துதான். ஆனால் கிருமிகளைத் தேடிப் பார்த்த பிறகுதான் பழியை மாத்திரை மேல் போட வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குச் சில வரிகள். சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே போனால் கிரிப்டோவும் மைக்ரோஸ்போரிடியாவும் முதல் சந்தேகம். தேடும் சாயங்கள் மேலே சொன்னவையே. கிரிப்டோ பித்தக் குழாய்க்குள்ளும் ஏறும். வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் சொல்லுங்கள். நிடசாக்சனைடு இவர்களுக்கு நம்பிக்கையான பலன் தரவில்லை, எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு சி.டி.4 ஏறினால்தான் நிற்கும். ஆகவே வயிற்றுப்போக்கு வந்ததென்று ஏ.ஆர்.டி.யை நிறுத்துவது தலைகீழான காரியம்.

தங்கச்சி, இவற்றில் ஏதாவது தெரிந்தால் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்: காய்ச்சல், குளிர்நடுக்கம், இருமலோடு மூச்சிரைப்பு, வயிறு உப்பி வாந்தி, கடுமையான தலைவலி, சிறுநீர் குறைவது, பேச்சில் தடுமாற்றம். வயிற்றிலோ பிட்டத்திலோ அரிப்போடு, சில மணி நேரத்துக்குள்ளேயே நீண்டுகொண்டு போகும் சிவப்புக் கோடு தெரிந்தால் அதை போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். அது தோலுக்கடியில் ஓடும் ஸ்ட்ராங்கிலாய்டிஸாக இருக்கலாம். அங்கே ‘வயலில் வளர்ந்தவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், சளியிலும் புழுக்குஞ்சு பாருங்கள்’ என்று சொல்லுங்கள்.

எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சாதாரணமாகப் போகாது. நீங்களும் அதே வயலில் வளர்ந்தவர் என்றால், என்றைக்காவது உங்களுக்கு ஸ்டீராய்டு எழுதும்போது இதைச் சொல்லிவிடுங்கள். கிரிப்டோ என்றால் கதை வேறு, அது சுலபமாக ஒட்டும். குளோரின் போட்ட தண்ணீரிலும் சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் நான்கு லட்சம் பேரைப் படுக்கப் போட்டது அதுதான். இருபது லிட்டர் போத்தல் தண்ணீராக இருந்தாலும் அவருக்குக் கொடுப்பதை நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கி ஆற வைத்துக் கொடுங்கள். பச்சைக் கீரை, பச்சைக் காய் போட்டுப் பிசைவதெல்லாம் அவருக்குச் சில காலம் வேண்டாம். கை சுத்தத்துக்கு ஸ்பிரிட் ஜெல் இந்தக் கிருமியிடம் செல்லாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். அவருடைய துணியைத் துவைத்த பிறகும், சமையலுக்கு உட்காரும் முன்னும் கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு இல்லாதவரை அவர்களுக்குச் சோதனை தேவையில்லை.